தொண்ணூற்றேழாம் நாள்

நான் பாடம் எடுக்கும் முதலாம் ஆண்டு வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். பள்ளி தொடங்கி நூறாவது நாளை வகுப்பிலேயே கொண்டாடலாம் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். ஒன்றாம் ஆண்டுக் கணிதம் நூறு வரைதான் போகும். எனவே பாடத்துக்கும் பொருந்தும், பலகாரத்துக்கும் பொருந்தும் என்று நினைத்தேன்.

நான் மின்னணுவியல் டிப்ளோமா முடித்து, ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவள். பட்டியல் போடாமல் எனக்குக் கை ஓடாது. நூறாவது நாளுக்கு மூன்று பட்டியல்கள் வைத்திருந்தேன்: யார் எதில் நூறு கொண்டு வருவது, எந்த மேசையில் எது, சிந்தினால் யார் துடைப்பது. தேதியைக் கணினிதான் சொன்னது. தொழிற்சாலையில் நான் செய்து வைத்திருந்த வேலைநாள் அட்டவணையில் பள்ளி தொடங்கிய தேதியையும் விடுமுறைப் பட்டியலையும் போட்டேன். நூறாவது நாள் வியாழக்கிழமை என்று வந்தது.

அது ஒருத்திக்கு மிக முக்கியமான செய்தி. வகுப்பின் குச்சிகளுக்குப் பொறுப்பாளி அவள். ஒவ்வொரு பள்ளி நாளும் ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் மாட்டிக் கட்டாக்குவாள். மற்றவர்கள் அவளைக் 'குச்சி மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பாவுக்கு தூரத்து ஊரான சிகாமட்டில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும், வியாழன்தான் அவளுக்கு எங்களோடு கடைசி நாள். அங்கே ஒருவரையும் தெரியாது என்று அவள் அம்மாவிடம் அழுததாகக் கேள்வி. என்னிடம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டீச்சர், நூறு வர்றப்போ நான் இங்க இருப்பேனா?"

"இருப்பே. வியாழக்கிழமை நூறு. கடைசிக் குச்சிய நீதான் போடுற."

சொல்லிவிட்டேன். கணினி சொன்னதைத்தானே சொன்னேன்.

அந்த வாரம் வகுப்பில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அப்பா நூறு கேபிள் டை, அதாவது ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள், கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் அவற்றை ஒன்றோடொன்று மாட்டி வகுப்பறைக் கதவிலிருந்து கழிவறை வரை இழுத்துப் போய்விட்டார்கள். ஒருத்தி நூறு நெத்திலி கொண்டு வந்தாள். தலையைத் தனியாக எண்ணலாமா என்று அதற்கு ஒரு விவாதம். இன்னொருவன் வீட்டில் ஜவ்வரிசியை ஊற வைத்து எண்ணப் பார்த்து, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டது. "டீச்சர், இது ஒன்னு. ஆனா உள்ள நூறு இருக்கு" என்று அதையே டப்பாவில் போட்டுக் கொண்டு வந்தான். நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பட்டியலில் டிக் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை குச்சி மேனேஜர் போத்தலோடு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒன்பது கட்டு, அஞ்சு தனி."

"தொண்ணூத்தஞ்சா? இன்னிக்குத் தொண்ணூத்தெட்டு இருக்கணுமே. திரும்ப எண்ணு பார்ப்போம்."

எண்ணினாள். நானும் எண்ணினேன். தொண்ணூற்றைந்துதான்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. காணாமல் போன மூன்று குச்சிகளைத் தேட ஆரம்பித்தேன். அலமாரிக்கு அடியில், குப்பைத் தொட்டியில், ஜன்னல் விளிம்பில். பதின்மூன்று பேர் உற்சாகமாக முட்டி போட்டுத் தேடினார்கள். மாதக்கணக்கில் தொலைந்திருந்த ஒரு காலுறை கிடைத்தது. குச்சி கிடைக்கவில்லை. அவள் மட்டும் தேடவில்லை.

"நான் ஒன்னும் தொலைக்கல டீச்சர்" என்றாள்.

"தொலைச்சேன்னு நான் சொல்லலயே."

"தேடுறீங்கல்ல."

அவள் சொன்னது சரிதான். ஓய்வு நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து, தொழிற்சாலையில் பிழை தேடுவதைப் போல வரிசையாகப் பார்த்தேன். தொடங்கிய தேதி சரி. விடுமுறைப் பட்டியல் சரி. மூன்றாவதாகப் பார்த்த இடத்தில் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. என் உடம்புக்கும் தெரியும், அலாரத்துக்கும் தெரியும். பழைய அட்டவணைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது இன்னமும் வெள்ளிக்கிழமையை ஓய்வு நாளாகவும் ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாகவும் வைத்திருந்தது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் வந்த மூன்று விடுமுறைகளை அது கழிக்கவே இல்லை. வியாழக்கிழமை நூறு அல்ல, தொண்ணூற்றேழு. உண்மையான நூறு அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்று அவள் சிகாமட்டில் இருப்பாள்.

ஓய்வு முடிந்து வந்ததும் எல்லாரையும் பாயில் உட்கார வைத்துச் சொன்னேன். "குச்சி சரி. நான்தான் தப்பு. மூணு நாள் கூட எண்ணிட்டேன்."

ஜவ்வரிசிக்காரன்தான் முதலில் அலுத்துக்கொண்டான். "அலமாக். மூணு குச்சி சேர்த்துப் போட்டுடலாம் லா டீச்சர். யாருக்குத் தெரியும்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். குச்சி சேர்த்தால் லாபம் அவளுக்குத்தான். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கண் கலங்க, "முடியாது" என்றாள். "பள்ளிக்கூடம் வராத நாளுக்குக் குச்சி கெடையாது."

"அப்போ நீ நூறு பார்க்க மாட்டியே."

"பரவால்ல."

பரவாயில்லை என்ற குரல் அல்ல அது. அதற்கென்று என்னிடம் பட்டியல் இல்லை. அப்போது நெத்திலிக்காரி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தொண்ணூத்தேழு நாளுக்கே பார்ட்டி வைக்கலாமே. நூறுல மூணத் தின்னுட்டா தொண்ணூத்தேழுதானே?"

வகுப்பு இரண்டு விநாடி யோசித்தது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, யார் எதில் மூன்றைத் தின்பது என்று பேச ஆரம்பித்தார்கள். "கேபிள் டைய எப்படித் தின்றது?" "அதை டீச்சருக்குக் கொடுத்துடு." ஒன்றாம் ஆண்டில் கழித்தலை அத்தனை ஆர்வமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெரிய டீச்சரிடம், அதாவது எங்கள் தலைமையாசிரியையிடம், அனுமதி கேட்கப் போனேன்.

"தொண்ணூத்தேழுக்கு யார் டீச்சர் விழா எடுப்பாங்க?"

"நாங்க எடுக்கப் போறோம், பெரிய டீச்சர்."

"ஒரு பக்க அறிக்கை எழுதணுமே. நாலு படம் வைக்கணும். தலைப்புன்னு என்ன போடுவீங்க?"

"நூறிலிருந்து கழித்தல்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கும்போது அப்படிச் செய்வார். "சரி. எனக்கும் ஒரு கோழி நகெட் எடுத்து வைங்க. கழிச்சதுல இருந்து."

வியாழக்கிழமை மஹ்ஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளில் வெட்டி வைத்திருந்த 100 இறங்கி, 97 ஏறியது. ஒன்பதின் தலை பெரிதாகிவிட்டதால் ஏழு அதன் நிழலில் நின்றது. பதினான்கு பேரும் வரிசையாக நின்று மும்மூன்று எடுத்தார்கள். முறுக்கு, கச்சான் கடலை, நகெட் எல்லாம் வாய்க்குள் கழிந்தன. ஜவ்வரிசி உருண்டையில் மூன்று மணியைக் கிள்ளி எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கழித்த கேபிள் டை மூன்றையும் நான் வளையலாக மாட்டிக்கொண்டேன். அவற்றைப் பிறகு கத்தரிக்கோலால்தான் எடுக்க வேண்டியிருந்தது. தொண்ணூற்றேழாவது குச்சியை அவள் போட்டபோது அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவு கூச்சல்.

எல்லாரும் தின்று களைத்துப் பாயில் கிடந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், சிகாமட்ல இன்னிக்கு எத்தனாவது நாள்?"

அதே மாநிலம், அதே நாட்காட்டி, தொண்ணூற்றேழுதான் என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். இந்த வாரம் ஒருமுறை உறுதியாகச் சொன்னது போதும். "தெரியல. கேட்டுப் பார்ப்போமா?"

அவள் அம்மா கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தேன். புதிய பள்ளியின் அலுவலகத்தில் ஓர் அக்கா எடுத்தார். என் கேள்வியை இரண்டு முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"இதுவரைக்கும் பள்ளி நடந்த நாள் எத்தனைன்னா கேக்குறீங்க? இப்படி யாரும் கேட்டதில்லயே டீச்சர். இருங்க, காலண்டர எடுத்துக்கறேன்."

அவர் மாதம் மாதமாகச் சத்தமாக எண்ணினார். இங்கே பதினான்கு பேரும் கூடவே எண்ணினார்கள். நடுவில் அவருக்கு ஒரு நாள் தவறியதை இங்கிருந்தே திருத்தினார்கள். "யாரு அது, கூட்டமா இருக்கே?" என்று சிரித்தார். கடைசியில், "தொண்ணூத்தாறு" என்றார். "ஆத்துல வெள்ளம் வந்து ஒரு நாள் பள்ளிய மூடிட்டோம், அதான்."

அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன். நான்காவது விரலில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பிறகு அவளே கைப்பேசிக்குக் குனிந்தாள்.

"அக்கா, புதன்கிழமை உங்களுக்கு நூறு. அங்க யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதும்மா. எனக்கே இப்பதானே தெரியுது. நீதான் புதுசா வர்ற பிள்ளையா?"

"ஆமா. திங்கக்கிழமை வருவேன்."

"அப்போ வந்ததும் நேரா ஆபீசுக்கு வா. நாம ரெண்டு பேரும் போய் டீச்சர்கிட்டச் சொல்லலாம்."

அவள் என் மேசையிலிருந்து பென்சிலையும், நான் பட்டியல் எழுதும் தாள்களில் ஒன்றையும் எடுத்தாள்.

"ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம். நீலக் கதவு."

அவள் எழுதிக்கொண்டாள்.