பாடு இல்லாத நாள்

பிள்ளைகளே, லீவுக்கு வரும்போதெல்லாம் என் அத்தையின் கால் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறாள். எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் வயதானவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். என் நைனாவும் அவர் தங்கையான அத்தையும்தான் அதில் முன்னே நின்றவர்கள். முதியோருக்கான மருத்துவ வண்டி திருப்பாலைவனம் வரைதான் வரும். நடக்க முடியாதவர்கள் பஸ் ஏறி அங்கே எப்படிப் போவார்கள்? வண்டியை நம் கோயில் வாசலுக்கே வரவழைக்க இருவரும் அலைந்தார்கள்.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அப்போது சிப்பி கிழித்த புண் ஒன்று காலில் ஆறாமல் இருந்தது.

“இன்னிக்கே போய்க் காட்டிட்டு வாயேன்மே” என்றார் நைனா.

“நான் மட்டும் காட்டிக்கினு வந்துட்டா, எழுந்திருக்க முடியாம கெடக்குதுங்களே, அதுங்க இன்னா பண்ணும்? வண்டி இங்க வரட்டும். அதுங்களோட நானும் காட்டிக்கிறேன். தலைவரு நீயா, நானாண்ணே?”

“தலைவரு நான்தான். நீ வெறும் வாயி.”

“அந்த வாய்தாண்ணே வண்டியக் கொண்டாரப் போவுது!”

சொன்னபடியே வண்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். எந்த நாள் வசதி என்று போனில் கேட்டார்கள். நைனா உரக்கச் சொன்னார்: “எங்களுக்குப் பாடு இல்லாத நாளாப் பாத்து வாங்க சார்.”

டவுனில் வளரும் உங்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் பிடிக்க ஊருக்கு ஊர் முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். நம் பாடு வந்தால் வீட்டில் ஆள் தங்காது. கிழவர்களும் கிழவிகளும்கூட இறால் பிரிக்கக் கரைக்கு வந்துவிடுவார்கள்.

போனில் பேசியவர் வெளியூர்க்காரர். பாடு என்றால் அவருக்குக் கஷ்டம் என்றுதான் அர்த்தம். சிரித்துக்கொண்டே, “பாடு இல்லாத நாள் யாருக்குத் தாத்தா இருக்கு? நாங்க வர்றோம், கவலைப்படாதீங்க” என்றார். நைனாவும் சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தார்.

வண்டி முன்கூட்டிச் சொல்லாமல், நம் பாடு வந்த நாளிலேயே வந்தது. எல்லோரும் கரையில் இருந்தோம். அத்தையும் காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு இறால் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூடைகளோடு திரும்பியபோது, படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே சொன்னார்: “வெள்ள வண்டி ஒண்ணு ஆரன் அடிச்சுது. ஆளுங்க இல்லன்னு போயிடுச்சு.”

நைனா உடனே போன் செய்தார். “உங்க ஊர்ல யாருக்கும் தேவையில்லன்னு எழுதியாச்சு தாத்தா. உங்க முறைய வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க” என்றார்கள். பாடு என்றால் என்ன என்று நைனா விளக்கினார். திரும்பத் திரும்ப விளக்கினார். பாவம்தான், ஆனால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அதற்குப் பிறகும் அத்தை, வண்டி வரட்டும் என்று சில வாரம் பிடிவாதமாக இருந்தாள். காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோதுதான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சங்கம் இப்போது கூடுவதில்லை. கூப்பிட்டாலும் யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எந்த டாக்டரையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரோட்டில் ஆரன் கேட்டால் அத்தை மட்டும் கட்டிலிலிருந்து தலையைத் தூக்குகிறாள்.

“அண்ணே, இன்னிக்கு நம்ம பாடா?”

“இல்லம்மே.”

“அப்ப சரி. வண்டி வந்தா ஆளுங்க இருக்கும்.”

வண்டி வராது என்று நைனா இதுவரை அவளிடம் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.