துரைக்கு வந்த துணை

மீன்கள் சண்டை போட்டதற்காக மனிதர்கள் பட்டினி கிடந்து பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது!

சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை, தன் கடல் மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஹட்டன் மலைக் குளிரில் கடல் மீன்! சூட்டுக்கு ஒரு பல்பு, காற்றுக்கு ஒரு பம்ப், கொழும்பு ரயிலில் ஜாடி ஜாடியாய்க் கடல் தண்ணீர்... உள்ளே இருந்தது ஒரே ஒரு கோமாளி மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை. பெயர்? 'துரை'தான், வேறென்ன!

"பாவங்க, ஒத்தையா கெடக்கு" என்று மனைவி பாக்கியம் தினமும் நச்சரித்தாள். தாங்க முடியாமல், நீர்கொழும்பிலிருந்து சின்னதாக இன்னொரு கோமாளியைத் தருவித்தேன்.

விட்டதுதான் தாமதம் - துரை பாய்ந்தார். புதுசு மூலையில் ஒதுங்கியது. அங்கேயும் விரட்டினார். வாலில் ஒரு துண்டைக் காணோம்.

"செத்துரும்ங்க! நான்தானே கேட்டேன்... எடுத்துருங்க!"

பாக்கியத்தின் கண் கலங்கிவிட்டது. புதுசை அள்ளி ஒரு ஜாடியில் விட்டேன். திருப்பி அனுப்பவா? அந்த வாலோடு கொழும்பு வரைக்குமாவது உயிர் தாங்குமா? இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

திடீரென்று பாக்கியம் எழுந்தாள். "துரையையும் வெளிய எடுங்க!"

"அது எதுக்கு?"

"லயத்துல ஒரே காம்பராவுல ரெண்டாவது குடும்பத்தப் போட்டா எங்கம்மா என்ன செய்வாங்க? பழைய குடும்பத்துச் சட்டி பானையயும் வாசல்ல எறக்கிருவாங்க. அடுப்ப எடம் மாத்துவாங்க. அப்பறம் ரெண்டு குடும்பமும் ஒண்ணாத்தான் உள்ள போவணும்."

நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன்தான். ஆனால்... மீனுக்கா? சிரித்துக்கொண்டே துரையை இன்னொரு ஜாடிக்கு மாற்றினேன். தொட்டியிலிருந்த கற்களையெல்லாம் இருவருமாக இடம் மாற்றி அடுக்கினோம். பிறகு இரண்டு ஜாடிகளையும் ஒன்றாகக் கவிழ்த்தோம்.

துரை தன் பழைய மூலையைத் தேடினார். காணோம்! திக்குத் தெரியாமல் சுற்றினார். புதுசு பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து, 'பணிந்தேன்' என்பதுபோல் உடம்பை நடுக்கிக் காட்டியது. துரை ஒரு முட்டு முட்டினார். அவ்வளவுதான், விட்டுவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே கல் இடுக்கில்!

"பாத்தீங்களா!" என்று பாக்கியம் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இந்த மண்ணுக்கு யார் பழையவர், யார் புதியவர் என்று கொழும்பில் உட்கார்ந்து எங்கள் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்துச் சட்டம் எழுதுகிறவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வரட்டும் - தொட்டிக்கு எதிரிலேயே நாற்காலி போடுகிறேன்.