குரூப்பில் போன என் பிளட் ரிப்போர்ட்

என் பிளட் ரிப்போர்ட்டை என் கணவர் ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டார். என்னைக் கேட்காமல். கொலஸ்ட்ராலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு!

ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு.

"அண்ணி, தேங்காய் சட்னியை விடுங்க" — கேளம்பாக்கத்து நாத்தனார்.

"அண்ணி கையில வடைச்சட்டி கீற வரைக்கும் குறையாது" — படப்பைக் கொழுந்தன். கூடவே நாலு சிரிப்பு பொம்மை.

மூன்று மாதம் தேங்காயைத் தொடவில்லை. மறுபடி டெஸ்ட் எடுத்தால்... இன்னும் ஏறியிருந்தது.

"ஒளிச்சு வெச்சுத் தின்னியா?" என்றார் கணவர்.

தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்!

சேலையூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சட்னியைப் பற்றிப் பேசவில்லை. "பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" என்றார். இதுவரை ஒருத்தராவது கேட்டாரா?

காட்டினேன். நீர் பிரிவதற்கான மாத்திரை. "இது சில பேருக்குக் கொழுப்பைக் கொஞ்சம் ஏத்தும்மா. எல்லா பிரஷர் மாத்திரையும் அப்படி இல்ல. நான் மாத்தித் தரேன். நீங்களா மட்டும் எதையும் நிறுத்திடாதீங்க."

ஆட்டோவில் ஏறியதுமே குரூப்பில் தட்டினேன்: "குற்றவாளி தேங்காய் இல்லை. பிரஷர் மாத்திரை!"

டாக்டரம்மா சொன்ன மிச்சத்தை எழுதவில்லை. இருந்த கோபத்தில் மிச்சமாவது, சொச்சமாவது!

நான்காம் நாள் கொழுந்தன் மனைவி போன் செய்தாள். "அக்கா, உங்க மெசேஜைப் பார்த்து இவரும் தன்னோட பிரஷர் மாத்திரையை அன்னைக்கே நிறுத்திட்டாரு. இப்போ தலை சுத்துதுன்னு வாசல்லயே உட்கார்ந்துட்டாரு."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னா அண்ணி... நீங்கதானே போட்டீங்கோ?"

"நான் என்ன டாக்டரா? வடைச்சட்டியைப் பத்திப் பேச வாய் இருந்துச்சே, இதை டாக்டர்கிட்ட கேக்க வாய் இல்லையா? இப்பவே கிளம்புங்க!"

போனார். பிரஷர் நூற்றுத் தொண்ணூறாம். அதைவிடக் கொடுமை — அவர் போடுவது வேறு வகை மாத்திரை. கொலஸ்ட்ராலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தெரியாமல் தீர்ப்பு சொன்னார்கள் என்று கத்தினேனே... நான் செய்தது என்னவாம்? அவர்கள் தீர்ப்பில் எனக்குச் சட்னி போனது. என் தீர்ப்பில் ஓர் ஆளே போயிருப்பார்.

இப்போது குரூப்பில் ரிப்போர்ட், வைத்தியம் எல்லாவற்றுக்கும் தடை. குட் மார்னிங் மட்டும் போடலாம். அதனால் யாருக்கும் பிரஷர் ஏறுவதில்லை... என்னைத் தவிர.