பச்சை உடம்புக்காரி

எங்கள் தாய்ப்பன்றி முதல் ஈற்றில் போட்ட குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாரி மழைக்குள் பிறந்து, குளிரில் விறைத்து, சூடு தேடித் தாயோடு ஒட்டிக்கொண்டவை, அவள் புரண்டு படுக்கும்போது நசுங்கிச் செத்தன. மறுபடி அவள் சினைப்பட்டபோது என் கணவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார், இந்தக் குட்டிகளும் போனால் தாயை இறைச்சிக்குக் கொடுத்துவிடுவதென்று. அவரைக் குறை சொல்ல முடியாது. பன்றி வளர்ப்பவர்களுக்கு ஊர் தருகிற மரியாதையே போதும், அதோடு செத்த குட்டிகளைப் புதைக்கிற வேலையும் வேண்டுமா? ஆனால் எனக்கு அந்தக் கொட்டில்தான் எல்லாம். வாவியில் அவருக்கு இன்றைக்கு மீன் பட்டால் நாளைக்கு இல்லை. என்னுடையது என்று நான் சொல்லக்கூடியது அந்தப் பன்றி மட்டும்தான்.

மிருக வைத்தியராக வந்திருந்த பெண் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, பண்டிக்குட்டி பிறக்கேக்க அதுட உடம்பில கொழுப்பே இருக்காது. தாய்ட பால்ல இருந்துதான் சூடு வரணும். இப்ப இருந்தே தீனில எண்ணெய் சேருங்க. பால் குடுக்கிற காலத்திலயும் விட்டுடாதீங்க."

காத்தான்குடிக்குப் போய் ஒரு கலன் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். "என்ன புள்ள, வீட்டில கலியாணமா?" என்று கடைக்காரர் கேட்டார். ஓமென்று தலையாட்டினேன். ஒரு முஸ்லிம் மனுஷனிடம் பன்றித் தீனுக்கென்று எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைக்க நான் காலையில் போனால் பின்னேரம்தான் வருவேன். அதனால் பன்றிக்குத் தீன் வைப்பது மச்சாளின் பொறுப்பு. மச்சாள் என் கணவரின் அக்கா. புருஷனை இழந்தபின் எங்களோடு வந்து இருந்தவர். என் பிள்ளைப்பேறுகளுக்கெல்லாம் பத்தியம் காய்ச்சித் தந்து என்னை எழுப்பி நிறுத்தியவரும் அவர்தான். வாய் கடுமை, ஆனால் ஒரு வேலையில் கை வைத்தால் பழுது சொல்ல முடியாது. தவிட்டில் எண்ணெயை விட்டு அவர் பிசைந்து வைத்ததைப் பன்றி ஒட்ட நக்கித் தின்றது.

குட்டிகள் கொழுகொழுவென்று பிறந்தன. பிறந்த ஈரம் காயுமுன்னே தாங்களாகவே மடி தேடிப் போயின. கணவர்கூடச் சிரித்தார். "இனி நீ போய் உண்ட வேலயப் பாருகா. பேறு பாக்கிறது எண்ட வேல" என்றார் மச்சாள். நானும் நிம்மதியாகப் போனேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சில நாட்களிலேயே குட்டிகளின் மயிர் சிலிர்த்தது, இடுப்பெலும்பு தெரிந்தது. மடியை இழுத்து இழுத்துப் பார்த்துக் கத்தின. பிறகு கத்துவதையும் விட்டுவிட்டன. சாக்கு விரித்தேன், பல்ப் கட்டினேன், போத்தலில் வெந்நீர் விட்டுப் பக்கத்தில் வைத்தேன். வேலைக்குப் போகாமல் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தேன். தீனை வழக்கம்போல மச்சாள்தான் கொண்டுவந்து வைத்தார், அதில் என்ன இருக்கிறதென்று நான் பார்க்கவில்லை. சாமியைக் கும்பிட்டுக் களைத்து, பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினேன். எதற்கும் அவை கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் குளிர்ந்துகொண்டே போயின.

மழை விடாத ஒரு பின்னேரம், தீனை நானே குழைப்போமென்று எண்ணெய்க் கலனைத் தூக்கினேன். கனத்தது. குட்டிகள் பிறந்த அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருந்தது.

"மச்சாள், எண்ணெய் குடுக்கல்லயா?"

அவர் அடுப்படியிலிருந்து சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பச்ச உடம்புக்காரிக்கு ஆரும் எண்ணெய் குடுப்பாங்களாகா? குட்டிகளுக்கு மாந்தம் வந்திரும்."

சட்டியை எட்டிப் பார்த்தேன். மிளகும் உள்ளிப்பூண்டும் அரைத்துவிட்ட கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தந்த அதே பத்தியம். பன்றிக்கும் எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை, தண்ணீர்கூட அளந்துதான். பேறு பார்த்த மனுஷி ஒரு குறையும் வைக்கவில்லை. தாயின் பால்தான் வற்றிப்போயிருந்தது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "எண்ணெய நீங்க நிப்பாட்டினதாலதான் அதுகள் சாகுது. தாய் திண்டா புள்ளைக்கு மாந்தம் வருமெண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?" என்று அயலெல்லாம் கேட்கக் கத்தினேன்.

"எண்ட மாமி சொன்ன" என்றார்.

கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு வந்து கொட்டில் வாசலில் குந்தினார். அவருக்கு ஒரு பிள்ளை பிறந்து செத்தது எனக்குத் தெரியும். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

"பத்தியத்துக்குள்ள பசி தாங்கேலாம களவா ரெண்டு வடை திண்டன். அந்தக் கிழமையே புள்ள போயிற்று. எண்ணெய்ப் பண்டம் திண்டு புள்ளயக் கொண்டுட்டாளெண்டு எல்லாரும் சொன்ன. நானும் அப்பிடித்தான் நம்பி இருந்த."

பன்றியின் வற்றிய மடியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப, எண்ட புள்ள எண்ணெயால சாகல்லயா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எண்ணெயால்தான் என்றால் பிள்ளையின் சாவு அவர் தலையில். எண்ணெயால் இல்லையென்றால் இந்தக் குட்டிகளின் சாவு அவர் தலையில். உயிரோடு மிஞ்சியிருந்த குட்டியும் என் மடியில் கண் மூடத் தொடங்கியிருந்தது. பன்றி இனி நமக்கில்லை என்பதும் எனக்கு விளங்கிவிட்டது.

"இல்ல மச்சாள். எண்ணெயால இல்ல" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதையும் மீறிச் சத்தம் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் தன் பிள்ளைக்காக அழுது நான் பார்த்தது அன்றுதான்.