கௌதமண்ணன் கட்டிவிட்டுப் போன அட்டை

கௌதமண்ணன் போய்விட்டார். காலையில் அவர் பையன் போன் பண்ணினான்... ஸ்கெலட்டன் என்கிற மைன்ஸ் காலனி வீட்டில்தான், தூக்கத்திலேயே.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர்தான் எங்கள் கம்ப்யூட்டர் ஆள். ஒரு சர்வர், நாலைந்து கம்ப்யூட்டர். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை, மைன்ஸை, மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம்.

அந்த சர்வருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பில் பாதி அடித்திருப்பேன், கனெக்‌ஷன் போய்விடும்.

"அண்ணே, உங்க சர்வர் செத்துப்போச்சு."

"சர்வர் நல்லாத்தான் கீது விமலா. நெட்வொர்க் கார்டுதான் மக்கர் பண்ணுது."

பின்னால் குனிந்து கார்டில் பச்சை லைட் எரிகிறதா என்று பார்ப்பார். கேபிளை மாற்றுவார், டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார். கடைசியில் லைன் போகிறதா என்று பிங் அடித்து, திரையில் ரிப்ளை வந்தால் எல்லாருக்கும் டீ சொல்வார். 'டைம்டு அவுட்' என்று வந்தால் டீயும் கிடையாது, மறுபடி பின்னால் குனிந்துவிடுவார்.

அவருக்கு வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. இது போனால் மற்றவர்களைப் போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குத்தான் ஓட வேண்டும்.

அது அவரால் முடியாது. அப்பாவுக்கு நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி. மூச்சு வாங்கினால் உடனே ஓடிவர ஒரு ஆள் வேண்டும், அவரை விட்டால் யாரும் இல்லை.

கார்டு தொல்லை தாங்காமல் முதலாளி ஒரு நாள் சொல்லிவிட்டார். "இன்னைக்குள்ள சரி பண்ணுங்க கௌதமன். இல்லன்னா நாளைக்கு பெங்களூர்லருந்து வேற ஆளுங்க வருவாங்க. இனிமே அவங்கதான் பாத்துக்குவாங்க."

அன்று காலை அண்ணன் சர்வரைத் திறந்து, கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டு, மூடி ஆன் பண்ணினார். கேபிளை மட்டும் இன்னும் செருகவில்லை. அதன் நுனியில் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்... 'வேலை நடக்கிறது. தொடாதே. கௌதமன்.'

அது மைன்ஸ் பழக்கம். கீழே கரண்ட் லைனை ஆஃப் பண்ணிவிட்டு வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், ஸ்விட்சில் தன் பேர் போட்ட தகட்டை மாட்டுவார். மாட்டினவர்தான் கழற்ற வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருக்கிறவன் உயிர் போகும். அண்ணனின் அப்பா அந்த வேலை பார்த்தவர். எங்கள் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருத்தர் சுரங்க ஷாஃப்டில் இறங்கினவர்தான்.

அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்து வீட்டிலிருந்து போன். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. அண்ணன் செருப்புகூட போடாமல் ஓடினார்.

அட்டை அப்படியே இருந்தது.

சர்வர் திரையின் மூலையில் சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி. 'நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு.' கேபிளும் கண்ணெதிரே, செருக வேண்டிய இடமும் கண்ணெதிரே. வாசலில் லாரி லோடோடு நிற்கிறது, பில் இல்லாமல் லோடு போகிற ஃபேக்டரி கேட்டில் விட மாட்டார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மத்தியானம் முதலாளி வந்தார். அவர் பெங்களூர்க்காரர்.

"ஏன்ரீ விமலா, கேபிள் செருகலன்னு கம்ப்யூட்டரே எழுதிக் காட்டுது. செருக வேண்டியதுதானே?"

"கௌதமண்ணன் அட்டை கீது சார்."

"இருந்தா?"

விஷயத்தைச் சொன்னேன். "இதுல ஷாக்குகூட அடிக்காதும்மா" என்று கையை நீட்டினார். நாங்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம்.

அவர் கையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். அண்ணன் வேலைக்கு நாங்களே உலை வைத்துவிட்டோமோ...

சாயங்காலம் அண்ணன் வந்தார். லாரி இன்னும் வாசலிலேயே நின்றது. அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யாரும் தொடலியா?"

அட்டையை அவிழ்த்து, கேபிளைச் செருகினார். பச்சை லைட். பிங் அடித்தார்... ரிப்ளை, ரிப்ளை, ரிப்ளை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "இதுக்கா ஒரு நாள்?"

"தப்பு என்னுதுதான் சார். கழட்டாம ஓடிட்டேன். இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

"எங்க போனீங்க?"

"அப்பாவுக்கு முடியல சார். இப்ப பரவால்ல."

முதலாளி எங்களை ஒரு சுற்று பார்த்தார். "இவர் இல்லாதப்பகூட இவர் பேச்சத்தான் கேக்குறீங்க. நான் பக்கத்துல நின்னு சொன்னா கேக்கல" என்றார். அப்புறம் போனை எடுத்து, பெங்களூர் ஆட்களை வர வேண்டாம் என்று சொன்னார்.

டீ அன்று நான்தான் சொன்னேன்.

அண்ணனின் அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை. "பக்கத்துல யாருன்னு கேட்டாரு விமலா. நான்தாம்பான்னேன். சரின்னு கண்ண மூடிக்கினாரு" என்று அண்ணன் ஒரு நாள் சொன்னார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

பிறகு நானும் பெங்களூர் போனவள்தான். அவர் கடைசி வரைக்கும் ஊரிலேயே இருந்தார்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். நான் வருகிற வரைக்கும் வைத்திருங்கள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். "வாங்க அத்தை, இருக்கோம்" என்றான்.

ஊருக்குப் போகிற மாரிகுப்பம் ரயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வந்துகினே கீறேன் அண்ணே...