கரையில் நின்று கேட்கக் கூடாத கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு, திருவொற்றியூர் கடலோரத்தில் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. ஒரே ஒரு மனிதர், மரியாதையாக இரண்டே வார்த்தை பேசி, கடலுக்குக் கிளம்பிய அத்தனை படகுகளையும் கரையிலேயே நிறுத்திவிட்டார். அந்த இரண்டு வார்த்தைகளை அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் நான்.

வாத்தியார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் எட்டாவதோடு நின்றவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பலில் துருச் சுரண்டினேன். ஒருநாள், காரணம் என்று எதுவும் இல்லாமல், வடக்கே போகும் ரயிலில் பொதுப்பெட்டியில் ஏறிவிட்டேன். கோவாவில் பாத்திரம் கழுவினேன், மணாலியில் ஆப்பிள் பெட்டி தூக்கினேன், காசியில் காய்ச்சலோடு படித்துறையில் கிடந்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு நேபாளத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். பாஸ்போர்ட் இல்லாமலே நம் ஆட்கள் போகக்கூடிய வெளிநாடு அது என்பது எல்லையைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறிப் போக ஒரு பகல் முழுக்க ஆகும். ஆங்கிலம் நடத்த ஆள் இல்லை. கீழே டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரரிடம் நான் ஓட்டல் இங்கிலீஷில் வாயடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ஹெட்மாஸ்டர், "சம்பளம் கிடையாது, சோறும் படுக்கையும் உண்டு, வருகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். அன்றைக்கு என்னிடம் அந்த இரண்டுமே இல்லை. போய்விட்டேன்.

ஊருக்குப் போன் செய்து, வெளிநாட்டில் வாத்தியாராக இருக்கிறேன் என்றேன். காசிமேட்டில் மீன் விற்கும் என் அக்கா நம்பவில்லை.

"கணக்கு நோட்ட கிழிச்சி கப்பல் வுட்டவன் நீ. உன்கிட்ட பட்சிட்டு அந்தப் புள்ளைங்க இன்னாத்துக்குடா ஆவும்?" என்றாள்.

பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். நிறங்கள், எண்கள், மிருகங்கள் எல்லாம் முடிந்து மீன் வந்தது. மீன் வந்ததும் கடல் வந்தது. கடல் வந்ததும் சிக்கல் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் உப்பு என்றேன், வகுப்பே சிரித்தது. அந்த ஊரில் உப்பு கோவேறு கழுதை முதுகில் மூட்டையாக ஏறி வருகிறது. அவ்வளவு தண்ணீருக்கு அத்தனை உப்பை யார் சுமந்து போய்க் கொட்டினார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பதில் தெரியாமல் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர்.

"நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா சார்?" என்றாள் அவள்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை என்றார். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடல்நீர் உப்பு என்று நடத்தி வந்த மனிதர். முகம் சுண்டிப்போய்விட்டது.

ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். அந்த மலைப்பாதையில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அங்கே வணக்கம் என்பது அதுதான். கேட்காமல் போனால் திமிர் பிடித்தவன் என்பார்கள். ஹெட்மாஸ்டருக்கு அதைத் தமிழில் கற்றுக்கொள்ள ஆசை. சொல்லிக் கொடுத்தேன். தினமும் காலையில் நான் பல் விளக்கப் போகும்போது கைகூப்பி, "எங்க போறீங்க?" என்பார். உச்சரிப்பு மணி அடித்த மாதிரி இருக்கும்.

நான் ஊர் திரும்பிய பிறகு, பனிக்காலத்துக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்த சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. காசி, கயா பார்த்துவிட்டுச் சென்னைக்கு வருகிறாராம். ஒரு பாட்டில் கடல்தண்ணீர் வேண்டுமாம். கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். "வெறுங்கையோடு போனால், இனி நான் எதை நடத்தினாலும் குடித்துப் பார்த்தீர்களா என்பார்கள். பூமி உருண்டை என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

சென்ட்ரலில் போய் அழைத்து வந்தேன். ஸ்வெட்டர், மப்ளர், கயிறு கட்டிய ஷூ. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றது நின்றபடி நிற்க, ஒவ்வொரு லாரி டிரைவருக்கும் அவர் கைகூப்பி, "எங்க போறீங்க?" என்றார். காலையிலிருந்து நகராத லாரியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அதத்தான் நைனா நானும் கேட்டுகினு கீறேன்" என்றார். ஹெட்மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். தமிழ் வேலை செய்கிறது என்றார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர், "யாரு மச்சான், கூர்க்காவா?" என்றார்.

"ஹெட்மாஸ்டர்" என்றேன்.

"கூர்க்காங்களுக்கெல்லாம் ஹெட்மாஸ்டரா?"

கடல் வீட்டுக்குப் பின்னால்தான். கருங்கல் தடுப்பில் இறங்கி மொண்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். அக்கா விடவில்லை.

"தோ பார்றா, அங்க சாக்கடை வந்து சேருது. குழந்தைங்க வாயில வெக்கப்போறது. நம்ம கடலு கலீஜுன்னு அந்த மலைக்காரங்க சொல்லட்டும்னு கீறியா?"

காசிமேடு துறைமுகத்தில் மொள்ளலாமா என்றேன். அங்கே டீசல் மிதக்கிறது என்றாள். நாளைக்கு மாமா படகில் போய் உள்கடலில் மொண்டு வருவார் என்று அவளே முடிவு செய்தாள். மாமா என்றால் அவளுடைய கணவர். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார். அவரும் தலையாட்டினார். ஹெட்மாஸ்டருக்கு மறுநாள் மாலை ரயில். ஆக, எங்களிடம் இருந்தது அந்த ஒரு காலைதான்.

கருக்கலிலேயே கரைக்குப் போய்விட்டோம். இரண்டு கல்தடுப்புகளுக்கு நடுவே கொஞ்சம் மணல். அங்கேதான் படகுகள். அவரை அங்கே நிறுத்திவிட்டு, ஒரு டீ வாங்கி வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய விலை உயர்ந்த டீ அதுதான்.

டீயோடு திரும்பினால், வலையும் டீசல் கேனும் தூக்கிக்கொண்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக எதிரே வருகிறார்கள். கடலுக்குப் போகிற நேரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். ஒருத்தர் முகமும் சரியில்லை. கடைசியாக மாமா வந்தார். தோளில் படகு இஞ்சின்.

"டேய் மச்சான், யாருடா அந்தாளு? நிக்க வெச்சி ஒவ்வொருத்தனா கேக்கறாண்டா!"

கடலுக்குக் கிளம்பியவனைப் பார்த்து 'எங்கே போகிறாய்' என்று எங்கள் குப்பத்தில் குழந்தைகூடக் கேட்காது. கேட்டுவிட்டால் அன்றைக்குப் போன காரியம் விளங்காது. திரும்ப வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் மலைமேல் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தபோது ஞாபகம் வரவில்லை.

கரையில் ஹெட்மாஸ்டர் தனியாக நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு பணிவானவர்கள்! நான் கேட்டதும் அப்படியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகிறார்கள்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "இவர்களுடைய ஒருநாள் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேனா?" என்றார். பிறகு, "என்னை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், இல்லையா?" என்றார். காலி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டில் அக்கா மாமாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே என்னைத் திட்டினாள். "ஒன்னர வருசம் பாரின்ல வாத்தியார் வேல பாத்து, சொல்லிக் குட்த்தது இந்த ஒன்னுதானா? 'சாப்ட்டீங்களா'ன்னு சொல்லிக் குட்த்திருந்தா எவனுக்காவது பேஜாரு உண்டா?"

மாமா, "உன் தோஸ்த கூட்டினு போய் பஸ் ஏத்து. தண்ணியும் வாணாம் ஒன்னியும் வாணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆட்கள் மறுபடியும் கரைக்கு வந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு படகு ஓரமாக ஒதுங்கி, வலது உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். மரியாதை சொல்லாமல் ஒருவரைக் கடந்துபோக விடுவது அவருக்குப் பழக்கமே இல்லை. ஆள் நெருங்கியதும் அவர் கண் இரண்டும் விரிந்து, புருவம் மேலே ஏறி, தலை முன்னால் வந்தது.

முதலில் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டிக்கொண்டார்கள்.

"இன்னாடா நின்னுட்ட?"

"வாயத்தான் மூடிகினு கீறான். மனசுல கேக்கறாண்டா! கண்ண பாரு!"

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். அந்தக் கண்ணில் 'எங்க போறீங்க' என்று எழுதி ஒட்டியிருந்தது. மனதில் கேட்டது கணக்கில் வருமா வராதா என்று வாக்குவாதம் ஆரம்பித்தது. வராது என்றார் ஒருவர். கண்ணால் கேட்டால் வாயால் கேட்டதைவிட மோசம் என்றார் இன்னொருவர். இன்னொரு தடவை வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க முடியாது, வயிற்றில் இடமில்லை என்றார் மூன்றாமவர். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

மாமாவோடு தொழில் செய்கிற இஞ்சின்காரர் ஒருவர் உண்டு. எதற்கும் வழி வைத்திருப்பவர். அவர்தான் சொன்னார்: "கரைல வுட்டாத்தான கேப்பான்? நம்மகூடவே போட்டுல ஏத்திக்க. எங்க போறம்னு அவனுக்கே தெரிஞ்சிரும். அப்பால இன்னாத்த கேக்கறது?"

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த மாதிரி கரையே ஆர்ப்பரித்தது. ஆனால் யார் படகில் என்று கேட்டதும் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

செருப்போடு படகில் ஏறக் கூடாது என்பதால் ஷூவைக் கழற்றச் சொன்னோம். பதற்றத்தில் கயிறு முடிச்சு விழுந்துவிட, மாமாவே மணலில் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார். படகைத் தள்ளினோம். முதல் அலையில் ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்தார், இரண்டாவது அலையில் இடுப்பைப் பிடித்தார், மூன்றாவதில் காலையில் குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்தார். "கடலம்மாவுக்குப் படையல் போட்டாச்சி" என்றார் இஞ்சின்காரர்.

துறைமுகத்துக் கிரேன்கள் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்து, தண்ணீர் கலங்கல் மாறிக் கருநீலமானதும் மாமா இஞ்சினை நிறுத்தச் சொன்னார். குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "புள்ளைங்களுக்கு எடுக்கறம்மா" என்று மட்டும் சொன்னார். ஹெட்மாஸ்டர் தானேதான் மொள்ள வேண்டும் என்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை முக்கினார். மூடியைத் திருகிய பிறகு கையில் கொஞ்சம் அள்ளிக் குடித்தார்.

முகம் சுளித்தது. பிறகு சிரித்தார். நேபாளியில் ஒரு வரி சொன்னார்.

"இன்னாவாம்?" என்றார் மாமா.

"இத்தனை வருசமா தான் பொய் சொல்லலைன்னு சொல்றாரு" என்றேன்.

மாமா பீடியைப் பற்றவைத்து அவரிடம் நீட்டினார். அவர் புகைபிடிக்காதவர். வாங்கி மரியாதைக்காகக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மீன் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. டீசலுக்குப் போகக் கொஞ்சம் நின்றது. திரும்பும்போது ஹெட்மாஸ்டர் என்னிடம் தாழ்ந்த குரலில், போகிறவர்களைக் கேட்கக் கூடாது சரி, வருகிறவர்களை ஏதாவது கேட்கலாமா என்றார். இந்தத் தடவை நான் சொல்லவில்லை. மாமாவைக் கேட்டேன். மாமாவே சொல்லிக் கொடுத்தார்.

கரையில் இறங்கியதும் கால் தள்ளாட நின்றுகொண்டு, வந்து சேர்ந்த ஒவ்வொரு படகையும் பார்த்துக் கைகூப்பி, "இன்னா பட்டுது?" என்றார். என்ன மீன் கிடைத்தது என்பதற்குச் சுத்தமான திருவொற்றியூர் தமிழ். காலையில் முறைத்துக்கொண்டு போன அதே ஆட்கள் மாறி மாறி அவர் காலடியில் மீனைப் போட்டார்கள். அக்கா அவ்வளவையும் குழம்பு வைத்து, ரயிலேறுவதற்குள் அவரைத் தின்ன வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் ஆளுக்கு ஒரு மூடி கொடுத்தாராம். எல்லோரும் துப்பிவிட்டார்களாம். கடல் உப்புதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் மட்டும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடல் பெரியது என்றீர்களே, இவ்வளவுதானா வந்திருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் முதல் அலை, இரண்டாவது அலை, மூன்றாவது அலை என்று நடித்தே காட்டினாராம். இம்முறை யாரும் சிரிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். இன்றைக்கும் தெரியாத ஊரில் இறங்கினால், அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று ஓரமாக உட்கார்ந்து பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை; வாத்தியார் வேலைக்குப் போன நான் படித்துக்கொண்டு வந்த ஒரே பாடம் இது.