கடல் திரும்பும் நேரம்

ஜொவிட்டா டீச்சர் சாந்தோமில் முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். அதனாலேயே அவர் மேலே ஏறுவதில்லை. துணி காயப்போடுவது கணவர் மரியதாஸின் வேலை.

2004இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலைப் பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போன டீச்சரின் தம்பி ஆஸ்டின் திரும்பவில்லை. கடல் திடீரென்று உள்ளே போனதாம். மணலில் துள்ளிய மீன்களைப் பார்க்க நாலைந்து பேர் இறங்கினார்களாம், அவனும்தான். தப்பி வந்த ஒருவர் சொன்னது இது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அதன்பிறகு டீச்சர் மணலில் கால் வைக்கவில்லை. வீட்டில் ஆஸ்டினைப் பற்றிப் பேச்சும் நின்றுபோனது.

போன பிப்ரவரியில் மகள் லூயிசா இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

"ஜூலைல எனக்கு ரெண்டு வாரம் லீவு. நீயும் டாடியும் வாங்க. எங்க போகலாம் சொல்லு மம்மி, லண்டனா?"

"கடல் பக்கமா ஒரு ஊர் பாரு," என்றார் டீச்சர்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மரியதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு நாள் கழித்து லூயிசா ஸ்கார்பரோ என்ற ஊரின் படங்களை அனுப்பினாள். வரிசையாக வண்ண வண்ண மரக்குடில்கள், குழந்தைகளைச் சுமக்கும் கழுதைகள், குன்றின்மேல் இடிந்த கோட்டை.

"காலைல ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், ரெண்டும் ஒரே இடமா?" டீச்சர் கேட்டார். "ஒண்ணுல தண்ணியே காணோமே."

"அங்க அப்படித்தான் மம்மி. தினம் ரெண்டு வேளை கடல் ரொம்ப தூரம் உள்ள போயிடும். ஜனங்க அதுல இறங்கி நடப்பாங்க."

டீச்சர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் பயணப் பேச்சே எடுக்கவில்லை. மரியதாஸும் வற்புறுத்தவில்லை. "வேணாம்னா மலை ஊர் ஏதாவது பாக்கச் சொல்லலாம் ஜொவி," என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

"உள்ள போற கடல் எப்பத் திரும்பும்னு அவங்களுக்குத் தெரியுமாங்க?"

"கேட்டுப் பாரேன்."

லூயிசா ஓர் அட்டவணையை அனுப்பினாள். ஒவ்வொரு நாளும் நீர் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்று நிமிடக் கணக்கோடு போட்டிருந்தது. கணக்கு டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போவதைக் கண்டுபிடித்தார். தங்கப்போகும் ஆறு நாளுக்கும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மற்ற திட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்: கடலைப் பார்த்த அறை, கோட்டைக்கு ஒரு நாள், வறுத்த மீனுக்கு ஒரு சாயங்காலம். விசாவும் சிக்கலில்லாமல் வந்தது.

ஸ்கார்பரோவில் முதல் இரண்டு நாளும் தூறல். டீச்சர் கடற்கரைச் சாலையில் கூரை போட்ட பெஞ்சில் ஸ்வெட்டருக்குமேல் சால்வை போர்த்தி உட்கார்ந்து, கடல் போவதையும் வருவதையும் பார்த்தார். சொன்ன நேரத்துக்குப் போனது. சொன்ன நேரத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் வெயில். நீர் வற்றி அரை மணி ஆனதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். லூயிசா கூடவே போனாள். ஈர மணல் சில்லென்றிருந்தது. முப்பதடி நடந்து நின்றார்.

"ஆஸ்டின் மாமா முகம் எனக்குச் சரியா ஞாபகமில்ல மம்மி. அப்ப எட்டு வயசுதான எனக்கு."

"நல்ல உயரம். நடக்கும்போது பாடிக்கிட்டே நடப்பான்," என்றார் டீச்சர். "சுருதி மட்டும் சேரவே சேராது." சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் முழுக்கத் தம்பியைப் பற்றித்தான் பேச்சு. மரியதாஸ் தனக்குத் தெரிந்ததையும் இடையிடையே சேர்த்தார்.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பட்டினப்பாக்கம் மணலுக்கு டீச்சர் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை. அடுத்த ஜூலைக்கு லூயிசா இப்போதே லீவு கேட்டுவிட்டாள். இந்தத் தடவை ஊரை மரியதாஸ் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.